எழுத்தாளனுக்குப் பெண் கொடுக்கலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். பெயரைப் போட வேண்டாம் என்று ஒரே கடிதத்தில் இரண்டு இடத்தில் கேட்டுக்கொண்டிருந்ததால் போடவில்லை. விஷயம் இதுதான். அவருடைய மூத்த பெண்ணுக்குச் சிதம்பரத்திலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் படித்தவன், பார்வைக்கு லட்சணமானவன், வெற்றிலை பாக்குக்கூடப் போடமாட்டான். ஆனால் நல்ல சம்பளத்தில் இருந்த உத்தியோகத்தைப் போன வருஷம் விட்டுவிட்டு, கதை எழுதுகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறான். நண்பர்கள் நாலு பேரோடு சேர்ந்து சின்னதாக ஒரு பத்திரிகையும் நடத்துகிறானாம். “விலைக்கு வாங்குகிறவர்கள் இருநூறு பேர் இருந்தால் அதிகம். உங்களைப் போல லட்சக் கணக்கில் போகிற பத்திரிகை என்றாலாவது யோசிக்கலாம். இந்த மாதிரிப் பிள்ளைக்குப் பெண் கொடுக்கலாமா? நீங்கள் பத்திரிகைக்காரர், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது” என்று முடித்திருந்தார்.

இப்படிப்பட்ட கேள்விக்கு ஆபீஸில் உட்கார்ந்தபடி பதில் சொல்லுவது சரியில்லை என்று தோன்றியது. அதோடு, கேட்டவர் கடலூர்க்காரர், பையன் சிதம்பரத்துக்காரன். தமிழில் கதை எழுதி வீட்டாரைக் கவலைக்கு உள்ளாக்கிய பெரிய மனிதர்களின் ஜாதகத்தைப் புரட்டினால் இந்த இரண்டு ஊரும் தப்பாமல் வந்து நிற்கும். ஆகவே ரயில் ஏறிவிட்டேன்.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கினால் பாடலீசுவரர் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது. பாதிரி மரம் தலவிருட்சமாக இருப்பதால் ஊருக்கு இந்தப் பெயர். கல்லைக் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் சுவாமிகள் கரையேறிய இடம் இது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தத் தம்பிக்காகவே வாழ்ந்த தமக்கை திலகவதியாரையும் தெரிந்திருக்கும். அந்த ஊரில்தான் 1906-ஆம் வருஷம் ஏப்ரல் 25-ந் தேதி ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தது. தகப்பனார் சொக்கலிங்கம் பிள்ளை. பிள்ளைக்கு விருத்தாசலம் என்று பெயர் வைத்தார்கள். இதே ஜில்லாவில் இருக்கிற ஊர்ப் பெயர்தான். எட்டு வயசில் தாயாரைப் பறிகொடுத்த அந்தப் பிள்ளை, தகப்பனாரின் உத்தியோகத்தோடு ஊர் ஊராகப் போய், கடைசியில் சொந்த ஊரான திருநெல்வேலிக்குப் போய்ச் சேர்ந்தது. 1931-ல் பி.ஏ. பாஸ் செய்தது. தகப்பனார் என்ன எதிர்பார்த்திருப்பார் என்று நீங்களே ஊகிக்கலாம். தாசில்தார் உத்தியோகமாவது வேண்டாமா? பிள்ளையோ ‘புதுமைப்பித்தன்’ என்று பெயர் வைத்துக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறிவிட்டார்.

சகோதரியே, முதலில் ஒரு குட்டை உடைத்துவிடுகிறேன். இந்தப் பித்தரும் இவருடைய கூட்டாளிகளும் நம்மைப் போன்ற பத்திரிகைகளின் மீது அன்பு கொண்டவர்கள் அல்ல. லட்சம் பேர் படிக்கிறார்கள் என்பதையே ஒரு குற்றமாக நினைத்தவர்களும் அவர்களில் உண்டு. தொடர்கதையும் சிரிப்புத் துணுக்கும் சினிமாப் படமும் போட்டு வாசகரைத் தூங்கவைக்கிறோம் என்பது அவர்கள் கட்சி. கல்கி அவர்களோடு புதுமைப்பித்தன் போட்ட சண்டை பிரசித்தமானது. பிறநாட்டுக் கதைகளைத் தழுவி எழுதுகிறார் என்று ‘ரசமட்டம்’ என்ற பெயரில் மறைந்துகொண்டு தாக்கினார். (பிற்காலத்தில் புதுமைப்பித்தனுடைய சில கதைகளிலேயே மாப்பஸானின் சாயல் இருக்கிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். ஊர்ப் பிள்ளையை வைதால் தன் பிள்ளைக்கும் வரும் என்று என் மாமியார் சொல்லுவார்.) இத்தனையும் தெரிந்துதான் நம் பக்கத்தில் அவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

அவர்களுடைய பத்திரிகைக்கு ‘மணிக்கொடி’ என்று பெயர். 1933-ல் ஆரம்பித்தார்கள். கு. சீனிவாசன், வ. ராமசாமி என்கிற வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகிய மூவரும் தேச விடுதலை ஆவேசத்தில் தொடங்கியது. அது நின்று போன பிறகு 1935-ல் பி.எஸ். ராமையா அதை எடுத்துச் சிறுகதைக்கென்றே ஒரு பத்திரிகையாக நடத்தினார். 1939-ஓடு அதுவும் முடிந்தது. ஆக மொத்தம் ஆறு வருஷம், அதுவும் நடுவில் விட்டு விட்டு! நம் வீடுகளில் ஊறுகாய் ஜாடிகூட அதைவிட அதிக காலம் இருக்கும். ஆனால் இன்றைக்குத் தமிழில் சிறுகதை என்று நாம் சொல்லுவது அந்த ஜாடியில் ஊறியதுதான்.

வேறு இடங்களிலும் இப்படிக் கலகம் செய்த எழுத்தாளர்கள் உண்டு. வங்காளத்தில் 1961-ல் ‘பசித்த தலைமுறை’ என்று ஒரு கூட்டம் கிளம்பிற்று. மலாய் ராய்சௌத்ரி என்ற கவிஞரை 1964-ல் போலீஸார் கைது செய்தார்கள். ஆந்திரத்தில் 1965-ல் ‘திகம்பர கவிகள்’ என்று ஆறு பேர் புறப்பட்டு, தங்கள் முதல் புத்தகத்தை ஒரு ரிக்ஷாத் தொழிலாளியைக் கொண்டு வெளியிடச் செய்தார்கள். அமெரிக்காவில் தாடியும் ஜாஸ் சங்கீதமுமாகத் திரிந்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம்முடைய மணிக்கொடிக்காரர்கள் இவர்களுக்கெல்லாம் இருபது முப்பது வருஷம் முந்தியவர்கள். பெரும்பாலும் வேஷ்டி சட்டையோடு, காப்பி குடித்துக்கொண்டு, வெற்றிலை போட்டுக்கொண்டே கலகத்தை நடத்தி முடித்துவிட்டார்கள். அந்தக் காப்பிக்கு டிகாக்ஷன் போட்டவர் யார் என்பதில்தான் நம்முடைய சகோதரியின் கேள்வி வந்து நிற்கிறது.

புதுமைப்பித்தனுக்கு 1932-ல் கல்யாணம் ஆயிற்று. மணமகள் திருவனந்தபுரத்துக் கமலா. கணவர் சென்னையில் ஒண்டுக் குடித்தனத்துக்கும் பத்திரிகை ஆபீஸுக்குமாக அலைந்துகொண்டிருக்கையில், கமலா பல காலம் பிறந்த வீட்டில் இருக்க நேர்ந்தது. அந்தக் காலத்தில் அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்து இளையபாரதி ‘கண்மணி கமலாவுக்கு’ என்ற பெயரில் புத்தகமாகக் கொண்டுவந்தார். ஊரையே எள்ளி நகையாடிய மனிதர், வீட்டுக்காரியிடம் பேசும்போது குழைந்து போகிறார். பணம் அனுப்ப முடியாததற்குச் சமாதானம் சொல்லுவார். சீக்கிரம் அழைத்துக்கொள்கிறேன் என்று தேற்றுவார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுவார். படித்துக்கொண்டே வரும்போது எனக்கு அவர் மீது பிரியமும் வந்தது, கோபமும் வந்தது. அந்தத் தபால்களை எதிர்பார்த்து வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் ஒரு பெண் அல்லவா?

‘ஊழியன்’ பத்திரிகையில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு ‘தினமணி’யில் உத்தியோகம். மாதச் சம்பளம் வருகிற உத்தியோகம்தான். 1943-ல் ஆசிரியர் சொக்கலிங்கம் நிர்வாகத்தோடு வேறுபட்டு வெளியேறிய போது இவரும் கூடவே வெளியேறிவிட்டார். பெரிய மனசுதான், சந்தேகமில்லை. ஆனால் பெரிய மனசை அடுப்பில் ஏற்றினால் சோறு வேகுமா? பிறகு சினிமாவுக்குப் போனார். ‘அவ்வையார்’ படத்துக்கு வசனம் எழுத அமர்ந்தார். தாயாரின் நினைவாகப் ‘பர்வதகுமாரி’ என்ற பெயரில் சொந்தப் படக் கம்பெனி ஒன்றைத் தொடங்கி, ‘வசந்தவல்லி’ என்று படமும் எடுக்கப் பார்த்தார். படம் வரவில்லை, கடன்தான் வந்தது. கடைசியாகத் தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுதுவதற்காகப் பூனாவுக்குப் போனார். அங்கே க்ஷயரோகம் முற்றியது. திருவனந்தபுரத்துக்குத் திரும்பி வந்து, 1948 ஜூன் 30-ந் தேதி மனைவியின் பக்கத்தில் கண்ணை மூடினார். வயசு நாற்பத்திரண்டு. மகள் தினகரிக்கு அப்போது தகப்பனார் முகம் நினைவில் நிற்கக்கூடிய பிராயம்கூட இல்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு, சகோதரி ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள்.

அவர் எழுதியவற்றில் ‘செல்லம்மாள்’ என்று ஒரு கதை உண்டு. 1943-ல் எழுதியது. நம் வாசகிகள் கட்டாயம் படிக்க வேண்டும் என்று சிபாரிசு செய்வேன். பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தி. மனைவி செல்லம்மாள் நித்திய நோயாளி. இந்த மனிதர் பொழுது விடிந்தால் அவளுக்குக் கஷாயம் வைத்து, சமைத்து வைத்து, கடைக்கு ஓடி, ராத்திரி திரும்பி வந்து மறுபடியும் பணிவிடை செய்வார். பண்டிகைக்கு என்று கடையிலிருந்து புடவைகள் கொண்டுவந்து காட்டுவார், அவளே பொறுக்கி எடுக்கட்டும் என்று. அந்தப் புடவையைக் கட்டிக்கொள்ள அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. கதையில் ஒரு சொட்டுக் கண்ணீர் ஓடாது. படிக்கிறவர் கண்ணில்தான் வரும். ஆண்பிள்ளை ஒருவன் நோயாளி மனைவிக்குச் செய்கிற சிசுருஷையை இவ்வளவு அருகில் நின்று பார்த்து எழுதிய கதை தமிழில் அதற்கு முன் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எழுதியவருக்கு வீட்டில் ஒரு பெண் படுகிற பாடு தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் அவரால் வேறு மாதிரி இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

‘ஒரு நாள் கழிந்தது’ கதையில் முருகதாசர் என்றொரு எழுத்தாளர் வருகிறார். மனைவி பெயர் கமலம்! சிநேகிதர் வருகிறார், கைமாற்றுக் கேட்கிறார், கேட்டதில் கொஞ்சந்தான் கிடைக்கிறது. அதோடு ஒரு நாள் தள்ளியாயிற்று. இதை எழுதியபோது வீட்டு அம்மாள் படித்தாரா, படித்துச் சிரித்தாரா, முகத்தைத் திருப்பிக்கொண்டாரா என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சிரிப்பில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கடவுள் சென்னைக்கு வந்து கந்தசாமிப் பிள்ளையோடு ஹோட்டலில் காப்பி குடிக்கிற கதையைக் கேள்விப்படாதவர்கள் இருக்க மாட்டீர்கள். பிள்ளை தம்முடைய வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுளையே ஆயுள் சந்தாதாரராகச் சேரச் சொல்லுவார். ஆயுள் என்றால் யாருடைய ஆயுள் என்று அங்கே ஒரு கேள்வி எழும் பாருங்கள்! சின்னப் பத்திரிகைக்குச் சந்தா சேர்த்துக் கஷ்டப்பட்டவர்களுக்குத்தான் அதன் முழு ருசியும் தெரியும். சிதம்பரத்துப் பையனைக் கேட்டால் சொல்லுவான்.

மஞ்சக்குப்பத்துச் சகோதரிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் குடியிருக்கிற அதே மஞ்சக்குப்பத்தில் 1934 ஏப்ரல் 24-ந் தேதி பிறந்தவர்தான் ஜெயகாந்தன். இருவருக்கும் பிறந்த நாள் ஒரு நாள் வித்தியாசம்; பிறந்த ஊரோ கெடிலம் பாய்கிற ஒரே கடலூர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, விழுப்புரத்தில் மாமா வீட்டுக்கு ஓடி, பிறகு சென்னையில் கம்யூனிஸ்டுக் கட்சி ஆபீஸில் வளர்ந்தவர். மணிக்கொடிக் காலத்தில் அவர் தொட்டில் குழந்தை. ஆனால் அந்த வம்சாவளியை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார் தெரியுமா? நம்மைப் போன்ற வாரப் பத்திரிகையில்!

புதுமைப்பித்தன் 1943-ல் ‘சாப விமோசனம்’ எழுதினார். கல்லாயிருந்து பெண்ணான அகலிகை, சீதை தீக்குளிக்க நேர்ந்ததைக் கேட்டு மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். 1966-ல் ‘ஆனந்த விகட’னில் ஜெயகாந்தன் ‘அக்கினிப் பிரவேசம்’ எழுதினார். மழையில் நனைந்து, காரில் ஏறி, கெட்டுப் போனதாக அழுதுகொண்டு வருகிற பெண்ணைத் தாயார் தெருவுக்குத் துரத்தவில்லை. தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி அணைத்துக்கொள்கிறாள். அன்றைக்குத் தமிழ் நாட்டில் எத்தனை வீட்டுக் கூடத்தில், கிணற்றடியில், ரயில் பெட்டியில் அதைப் பற்றி வாதம் நடந்தது என்பதைப் பாட்டிமார்களைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லுவார்கள். தாயார் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்து அவர் எழுதிய நாவல்தான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972-ல் அதற்கு சாகித்திய அகாடமி பரிசு கிடைத்தது. பிறகு ஞானபீடமும் அவருக்கு வந்தது. 2015-ல் காலமானார். திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தவர் கேட்ட கேள்விக்கு மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர் இருபத்து மூன்று வருஷம் கழித்துச் சொன்ன பதில் என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன். பண்டிதர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் போகட்டும்.

மறுநாள் சிதம்பரத்துக்குப் போனேன். பாசஞ்சர் ரயில் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று நின்று நின்று போகிறது. வெள்ளாற்றைத் தாண்டிக் கிள்ளை வந்தால் அடுத்தது சிதம்பரந்தான். கூட்டம் அதிகமில்லை. எதிரில் ஒரு கல்லூரி மாணவி கைத்தொலைபேசியில் கதை படித்துக்கொண்டு வந்தாள். என்ன கதை என்று கேட்டேன். பேய்க் கதையாம். புதுமைப்பித்தனுடைய ‘காஞ்சனை’யைப் படித்திருக்கிறாயா என்று கேட்டதற்கு, அது ஸினிமா அல்லவா என்றாள்.

நாலு வீதியும் கோபுரமும் நடராஜப் பெருமானும் சிதம்பரத்துக்குப் பெருமை. 1929-ல் ஏற்பட்ட அண்ணாமலை சர்வகலாசாலையும் பெருமைதான். ஆனால் நான் தேடிப் போனது ஒரு ரைஸ் மில்காரரின் ஞாபகத்தை. அவர் பெயர் எஸ். மணி. கணிதத்தில் பட்டம் பெற்றவர். கும்பகோணத்தில் இருந்தபோது பி.எஸ். ராமையாவைச் சந்தித்ததில் கதை எழுத ஆரம்பித்தார். ‘மௌனி’ என்று பெயர் வைத்ததும் ராமையாதான், கதைகள் பலவற்றுக்குத் தலைப்பு வைத்ததும் ராமையாதான். 1936 முதல் மணிக்கொடியில் எழுதினார். 1943-ல் சிதம்பரத்துக்கு வந்து குடும்பத்து ஆஸ்தியையும் அரிசி மில்லையும் பார்த்துக்கொண்டு, 1985-ல் காலமாகும் வரையில் இந்த ஊரிலேயே இருந்தார். எழுபத்தேழு வயசு. ஆயுசு முழுவதும் எழுதிய கதைகள் ஏறக்குறைய இருபத்து நாலு. நம் பத்திரிகையில் சிலர் ஒரு வருஷத்தில் எழுதிவிடுவார்கள்! புதுமைப்பித்தன் இவரைச் சிறுகதையின் திருமூலர் என்று சொல்லி வைத்தார். அதற்குப் பிறகு யார் என்ன சொல்ல முடியும்?

மௌனி கதைகள் முதல் வாசிப்பில் பிடிபடா. ஒருவன் கோயில் பிராகாரத்தில் நிற்பான், ஒரு பெண் வருவாள், தூணில் இருக்கிற யாளி எழுந்துகொண்டது போலத் தோன்றும். அவ்வளவுதான் நடக்கும். இரண்டாந் தரம் படித்தால் நெஞ்சில் எதுவோ கனக்கும். ‘பிரபஞ்ச கானம்’ கதையில் பாடக்கூடாது என்று வைத்தியர் தடுத்த பெண் கடைசியில் பாடிவிடுகிறாள். சிதம்பரம் கோயிலில் சந்நிதியைத் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத வெளிப் பிராகாரத்தில் சாயங்கால வேளையில் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். அப்போது அந்தக் கதைகள் எனக்குச் சற்று விளங்கிற்று. நெல் அரைக்கிற இரைச்சலிலிருந்து வருகிற மனிதர் இந்த நிசப்தத்தை எப்படிக் கேட்டிருப்பார்! வாழ்க்கையில் அவருக்கு அடிகள் உண்டு, பெற்ற பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். ஆனாலும் வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை. மில்லே அவர்களுடையது அல்லவா? சகோதரி இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கலகக்காரர்கள் எல்லோரும் நாற்பத்திரண்டில் போகவில்லை. ந. பிச்சமூர்த்தி வக்கீல், பிறகு கோயில் நிர்வாக அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே தமிழில் புதுக்கவிதைக்கு வழி போட்டார். தாடி வளர்த்திருந்தார், 1938-ல் ‘ஸ்ரீ ராமானுஜர்’ படத்தில் நடித்தார், எழுபத்தாறு வயசு வரை இருந்தார். ராமையா ‘தேரோட்டி மகன்’, ‘போலீஸ்காரன் மகள்’ என்று நாடகங்கள் எழுதினார். பின்னது 1962-ல் படமாக வந்தபோது பார்த்து அழுதவர்கள் நம் வாசகிகளில் இருப்பார்கள். பழைய நாட்களைப் பற்றி அவர் எழுதிய ‘மணிக்கொடி காலம்’ புத்தகத்துக்கு 1982-ல் அகாடமி பரிசு கிடைத்தது. கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராம் ஜரிகை வியாபாரி. ‘தேனீ’ என்று பத்திரிகை நடத்திக் கைப்பொருளை இழந்தார். வத்தலக்குண்டு சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ பத்திரிகையை நடத்திவிட்டு, புத்தக மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். கஷ்டமில்லாமல் இருந்தவர்களைக் கணக்கெடுத்தால் எழுத்தைத் தவிர வேறு வரும்படி உள்ளவர்கள்தான் தேறுகிறார்கள்.

நான் அதிகம் நினைத்துக்கொண்டே இருந்தது கு.ப. ராஜகோபாலனைப் பற்றி. பெண் மனசை அவரைப் போல எழுதியவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. ‘கனகாம்பர’த்தில் கணவன் இல்லாத நேரத்தில் வந்த சிநேகிதரை உள்ளே வந்து உட்காரும்படி சொல்லிவிட்டாள் என்பதற்காகப் புது மனைவி படுகிற பாட்டைப் படித்துப் பாருங்கள். ‘விடியுமா?’ கதையில் ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வந்து ராத்திரி ரயிலில் போகிற தமக்கையும் தம்பியும் பேசிக்கொள்வதை நான் இரண்டாம் முறை படிக்கத் துணியவில்லை. அவர் மேலூரில் தாலுகாக் கச்சேரி உத்தியோகத்தில் இருந்தவர். கண்ணில் படலம் விழுந்து பார்வை போனதால் வேலையை விட நேர்ந்தது. எழுதுகிறவருக்குக் கண் போனால் என்ன செய்வது? தங்கை சேது அம்மாள் கூட உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தார். பிறகு சிகிச்சையில் கண் திரும்பிற்று. ஆயுசு திரும்பவில்லை. 1944 ஏப்ரலில், அவரும் நாற்பத்திரண்டாவது வயசில் போய்விட்டார். சேது அம்மாள் வெறும் எழுதுகோலாக இருந்துவிடவில்லை. தாமே கதைகள் எழுதினார், புத்தகங்களும் வந்தன. கமலா விருத்தாசலமும் கதைகள் எழுதினார். ஆனால் மணிக்கொடி என்று யார் பேசினாலும் இந்த இரண்டு பெயரும் பந்தியில் கடைசி இலைக்குத்தான் வருகின்றன. சில பேர் இலையே போடுவதில்லை.

மற்ற மரியாதையெல்லாம் ஒழுங்காக நடந்தது. ரகுநாதன் 1951-லேயே புதுமைப்பித்தன் வரலாற்றை எழுதினார். 2002-ல் தமிழக அரசு அவர் எழுத்துக்களை நாட்டுடைமை ஆக்கியது. சண்டையும் ஓயவில்லை. அவருடைய ‘துன்பக்கேணி’, ‘பொன்னகரம்’ கதைகள் சில ஜாதியாரை இழிவுபடுத்துகின்றன என்று ஆட்சேபணை எழுந்து, 2014-ல் சென்னைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டது. செத்து அறுபத்தாறு வருஷத்துக்குப் பிறகும் ஒருவர் எழுதியது இவ்வளவு பேரைக் கோபப்படுத்துகிறது. வாழ்நாளெல்லாம் பலரைக் கோபப்படுத்திய மனிதர்தானே!

சிதம்பரத்திலிருந்து திரும்புகிற வழியில் மஞ்சக்குப்பத்தில் இறங்கி, சகோதரி வீட்டுக்கே போய்விட்டேன். வாசலில் கோலம். உள்ளே முந்திரிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. “நீங்களே வருவீங்கன்னு நெனைக்கலியேம்மா” என்று பதறிப் போனார் அந்த அம்மாள். விஷயத்தை மேலே கண்டபடி விஸ்தாரமாகச் சொன்னேன்.

“அப்ப குடுக்க வேணாங்கறீங்களா?” என்றார்.

“அப்படிச் சொல்லவில்லை, அம்மா. பையனுக்கு வேறு வரும்படிக்கு வழி உண்டா, அதில் பாதி நேரமாவது வேலை செய்யச் சம்மதிக்கிறானா என்று கேளுங்கள். பத்திரிகைக்கு எவ்வளவு கடன் என்றும் கேளுங்கள். கூசாமல் கேளுங்கள், கதையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அப்புறம், உங்கள் பெண் உத்தியோகத்தில் இருக்கிறாளே, அவள் சம்பளத்தில் பத்திரிகை அச்சாகுமா என்பதையும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.”

பெண் கூடத்து ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயசிருக்கும். பையனுடைய பத்திரிகை இரண்டு இதழ்கள் அவள் கையில் இருந்தன. அம்மாவுக்கு அது தெரியாது போல.

“அந்தப் புத்தகத்துல இருக்கறது அவர் எழுதின லெட்டர்தானே? கமலா அம்மா பதில் எழுதியிருப்பாங்களே, அதெல்லாம் எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சேது அம்மாள் கதைகள் கிடைத்தால் வாங்கி அனுப்புகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் ஒரு சீட்டில் விலாசத்தை எழுதிக் கொடுத்தாள். அதற்குள் அம்மாள் காப்பி கொண்டுவந்துவிட்டார். சிதம்பரத்துக்கு வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.